திருத்தினால் மட்டும் போதுமா?



நீங்கள் ஒரு குறையைச் சுட்டிக்காட்டுகிறீர்கள். அது உரியவர்களின் காதுக்கு எட்டுகிறது. அவர்கள் ஆராய்ந்து பார்க்கிறார்கள். நீங்கள் சொன்னது மெய்யென்று காண்கிறார்கள். குறையைத் திருத்தியும் விடுகிறார்கள். ஆனால், "நீங்கள் சொன்னது சரி, திருத்திவிட்டோம்" என்று உங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லி அனுப்புவதில்லை. அவர்கள் தங்கள் கடமையை முடித்துவிட்டார்களா?

முடித்துவிட்டார்கள் என்றே பலரும் சொல்வர். குறை நீங்கிற்று, அதுதானே வேண்டியது? சொல்லி அனுப்புவதும் அனுப்பாமல் விடுவதும் மரியாதையைப் பொறுத்தது, நீதியைப் பொறுத்ததன்று என்பது அவர்கள் வாதம். இந்த வாதத்தை இவ்வாரம் சற்று நிதானமாக எடைபோட்டுப் பார்ப்போம். நமது சம்பளம், மின்கட்டணம், வங்கிக் கணக்கு, பிறப்புப் பதிவு, நிவாரணம் யாவும் கணனிக்குள் போய்ச் சேர்ந்துவிட்ட இக்காலத்தில், இக்கேள்வி ஏழைகளின் பிழைப்பையும் மானத்தையும் தொடுகின்ற கேள்வியாகிவிட்டது.

மலைக்கு அப்பால் ஒரு பெயர்

மாத்தளையிலிருந்து இரத்தோட்டை வழியாக ரிவர்ஸ்டன் மலையைக் கடந்து, இலுக்கும்புரவுக்கு இறங்கி, பல்லேகம நோக்கிச் செல்லும் பாதையில் பயணஞ் செய்தவர்களுக்கு லக்கல எத்தகைய பூமி என்று விளக்கத் தேவையில்லை. நக்கிள்ஸ் மலைத்தொடரின் மடியில் சிதறிக் கிடக்கும் சிறு கிராமங்கள்; வயலும் சேனையுமான வாழ்வு. களு கங்கை நீர்த்தேக்கத்துக்காகப் பழைய பல்லேகம பட்டினமே இடம்விட்டுப் புதுநகருக்குப் பெயர்ந்தது. குடும்பம் குடும்பமாகக் குடியெழும்பிய மக்களுக்கு, ஒரு பதிவேட்டில் தங்கள் பெயர் சரியாக இருக்கிறதா என்பது வீண் கவலையன்று. வீடும் நிலமும் அந்த ஒரு வரியில் தங்கியிருக்கும்.

2023ஆம் ஆண்டில் சமுர்த்திக்குப் பதிலாக 'அஸ்வெசும' நலன்புரித் திட்டம் நாடெங்கும் வந்ததை எல்லாரும் அறிவோம். குடும்பங்களின் விபரங்கள் திரட்டப்பட்டு, கணனியில் ஏற்றப்பட்டு, புள்ளிகள் இடப்பட்டு, நான்கு படிகளாக வகுக்கப்பட்டன. மிக வறிய குடும்பத்துக்கு மாதம் 15,000 ரூபா, வறிய குடும்பத்துக்கு 8,500 ரூபா, அடுத்த படிகளுக்கு 5,000 ரூபாவும் 2,500 ரூபாவும் என்று அன்று வகுத்தார்கள். பெயர்ப் பட்டியல் வெளியானபோது, பட்டியலில் பெயர் இல்லாதோரும் படி குறைந்தோருமாக இலட்சக்கணக்கானோர் மேன்முறையீடு செய்தார்கள். எவ்வளவு நல்லெண்ணத்துடன் செய்த ஏற்பாட்டிலும் பிழை நுழையும் என்பதற்கு அந்த மேன்முறையீடுகளே சாட்சி.

லக்கலவின் மலைக்கிராமம் ஒன்றில் ஒரு விதவைத் தாய் இருப்பதாக வைத்துக்கொள்வோம். எந்த அலுவலகத்தையும் குறைகூறுவதற்காக இதைச் சொல்லவில்லை. எங்கும் நடக்கக்கூடியதற்கு உதாரணமாகவே சொல்லுகிறோம். அவருடைய விபரம் கணனியில் பிழையாக ஏறிவிட்டது. ஒருநாள் கூலியை விட்டுவிட்டு, பஸ் ஏறிப்போய், வரிசையில் நின்று முறையிடுகிறார். "கணனியில் அப்படித்தான் இருக்கிறது, அம்மா" என்று விடை கிடைக்கிறது. இரண்டாம் முறையும் போகிறார். தான்தான் படிவத்தை ஒழுங்காக நிரப்பவில்லையோ, எழுத்தறிவு போதாததால் வந்த வினையோ என்று தன்னையே நொந்துகொண்டு திரும்புகிறார். சில மாதங்கள் கழித்து, கொழும்பில் எங்கோ ஒருவர் அந்தப் பிழையைக் கண்டுபிடித்துத் திருத்துகிறார். நல்ல காரியம். ஆனால் அந்தத் தாய்க்கு ஒருவரும் சொல்லவில்லை. பணம் வங்கியில் வந்து கிடக்கிறது. அவரோ கடையில் கடன் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

பின்னொருநாள் தற்செயலாக அறிந்து பணத்தை எடுத்தாலும், அவருக்குத் தெரியாதவை பல. முன்னர் ஏன் கிடைக்கவில்லை? பிழை யாருடையது? இனி நின்றுவிடாதா? கிடைக்காத மாதங்களுக்கு என்ன வழி? உரிமையாக வந்த பணத்தை அவர் அதிர்ஷ்டமாக வந்த பணம்போலப் பயந்து பயந்து எடுப்பார். பிழை நீங்கிற்று, ஆனால் அப்பிழை அவர் உள்ளத்தில் செய்த வேலை நீங்கவில்லை.

கணனிப் பிழையின் தனித்தன்மை

பழைய காலத்திலும் கந்தோர்களில் பிழைகள் நடந்தன. எழுதுவினைஞர் ஒருவர் பேரேட்டில் இலக்கத்தை மாற்றி எழுதிவிட்டால், அந்தப் பிழைக்கு ஒரு கையெழுத்து இருந்தது. சிவப்பு மையால் வெட்டி எழுதிய அடையாளமும் எஞ்சியிருந்தது. கணனியின் பிழை வேறு மாதிரி. நிரல் எழுதியவரின் ஒரு சிறு தவறு ஆயிரம் பேரின் கணக்கில் ஒரே நேரத்தில் புகுந்துவிடும். ஆயினும் ஒவ்வொருவரும், 'எனக்கு மட்டுந்தான் இப்படி' என்றே எண்ணுவர். இயந்திரம் பொய் சொல்லாது என்று உலகம் நம்புவதால், ஐயம் மனிதன்மேல்தான் விழும். திருத்தும்போதும் அப்படியே: நேற்றுப் பிழையாக ஓடியது இன்று சரியாக ஓடும்; பாதிக்கப்பட்டவர் பார்க்கக்கூடிய எந்த அடையாளமும் அங்கே இராது.

ஆகவே கணனிக் கோளாறைத் திருத்துகிறவர் வாய்திறந்து சொன்னாலொழிய, திருத்தம் நடந்ததென்பதே பாதிக்கப்பட்டவருக்குத் தெரியப்போவதில்லை. அந்த மௌனம் எவ்வளவு தூரம் போகக்கூடும் என்பதைப் பிரித்தானியாவில் நடந்த ஒரு சம்பவம் காட்டுகிறது.

உபதபாலதிபர்களின் கண்ணீர்

1999ஆம் ஆண்டில் பிரித்தானியத் தபால் நிறுவனம் தன் கிளைகளில் 'ஹொரைசன்' என்னும் கணனிக் கணக்கு முறையைப் புகுத்தத் தொடங்கியது. புஜிட்சு கம்பனி அதை நடத்தியது. ஊர் ஊராகச் சிறு கடையோடு தபாற்கந்தோரையும் நடத்திவந்த உபதபாலதிபர்களின் கணக்குகளில் திடீர் திடீரெனப் பணம் குறைந்தது. பெட்டியில் இருந்த காசு அல்ல, கணனி காட்டிய கணக்கே பிழை. ஆனால் ஒப்பந்தப்படி குறையை அவர்களே நிரப்ப வேண்டியிருந்தது. சேமிப்பைக் கொட்டினார்கள்; வீட்டை ஈடுவைத்தார்கள். உதவி கேட்டுத் தொலைபேசியில் அழைத்தபோது, 'வேறு எவருக்கும் இப்படி நடக்கவில்லை' என்று சொல்லப்பட்டதாகப் பலர் பின்னர் சாட்சி சொன்னார்கள். 1999 முதல் 2015 வரை 900க்கு மேற்பட்டோர் களவு, கள்ளக்கணக்கு முதலான குற்றங்களுக்காகத் தண்டிக்கப்பட்டார்கள். நம்மைப்போன்ற தெற்காசியக் குடும்பங்களைச் சேர்ந்தோரும் அவர்களில் பலர்.

இதில் நம் விஷயத்துக்கு நேராக வரும் பகுதி ஒன்றுண்டு. 2010ஆம் ஆண்டில், சில பத்துக் கிளைகளின் கணக்கைத் தவறாகக் காட்டும் கோளாறு ஒன்றைத் தபால் நிறுவனத்தாரும் புஜிட்சு கம்பனியாரும் கண்டறிந்தார்கள். எப்படித் திருத்துவதென்று கூடிப் பேசினார்கள். அந்தக் கூட்டத்தின் குறிப்பு பிற்காலத்தில் வெளியாயிற்று. கிளைகளுக்கு இன்னும் அறிவிக்கவில்லை என்பதும், அறிவித்தால் நடந்துகொண்டிருக்கும் வழக்குகள் பாதிக்கப்படலாம் என்பதும் அதில் எழுதப்பட்டிருந்தன. அதே ஆண்டு ஒக்டோபரில் சீமா மிஸ்ரா என்ற உபதபாலதிபர் குற்றவாளியாகக் காணப்பட்டார். நவம்பரில், கருவுற்றிருந்த நிலையில், அவருடைய மகனின் பத்தாவது பிறந்தநாளன்று, சிறைக்கு அனுப்பப்பட்டார்.

கவனியுங்கள், வாசகர்களே. அங்கே குறையைத் திருத்துவதில் எவருக்கும் மறுப்பு இருக்கவில்லை. திருத்தவே கூடினார்கள். சொல்வதுதான் அவர்களுக்குச் சுமையாக இருந்தது. சொல்லியிருந்தால் எத்தனையோ பேருக்குத் தாங்கள் குற்றமற்றவர்கள் என்பது அன்றே தெரிந்திருக்கும்.

அலன் பேட்ஸ் என்பவரின் தலைமையில் 555 பேர் தொடுத்த வழக்கில், 2019 டிசம்பரில், அந்தக் கணனி முறையில் வழுக்கள் இருந்தன என்று நீதிமன்றம் தீர்த்தது. 2021இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் 39 பேரின் தண்டனைத் தீர்ப்புகளை ஒரே நாளில் நீக்கியது. மற்றவர்களை விடுவிக்க 2024 மே மாதத்தில் தனிச்சட்டமே இயற்றவேண்டியதாயிற்று. 2025 யூலையில் வெளியான விசாரணை அறிக்கையின் முதற்பகுதி, குறைந்தது 13 பேர் இதனால் தம்முயிரை மாய்த்துக்கொண்டிருக்கலாம் என்று கூறுகிறது. நட்டஈடாகக் கொடுத்த தொகை நூறு கோடி பவுணைத் தாண்டிவிட்டது. மாண்டவர்களுக்கு எந்தத் தொகையும் ஈடாகாது.

தர்மமா, கடனா?

இங்கே ஒரு பக்தியுள்ள மறுப்பு எழலாம். வலது கை செய்வது இடது கைக்குத் தெரியாமல் இருக்கவேண்டும் என்று ஆண்டவர் போதித்தாரே. செய்த நன்மையைச் சொல்லித் திரிவது கிறீஸ்தவ தாழ்ச்சிக்குப் பொருந்துமா?

ஆண்டவர் அங்கே பேசுவது தர்மத்தைப் பற்றி. கொடுக்கக் கடமைப்படாத ஒன்றை அன்பினால் கொடுப்பது தர்மம். அதை மறைவாகச் செய்வது அழகு. பிறருக்குச் சேரவேண்டியதைத் திருப்பிக் கொடுப்பதோ கடன் தீர்ப்பது. கடனை மறைவாகத் தீர்க்கிறேன் என்று சொல்லி, கொடுத்தவருக்குத் தெரியாமல் அவர் வீட்டு மதிலுக்கு அப்பால் காசை எறிந்துவிட்டுப் போகிறவரை நாம் தாழ்ச்சியுள்ளவர் என்போமா? கடன் தீர்ந்தது என்று இருவரும் அறிந்தால்தான் அது தீரும். அர்ச். தோமாஸ் அக்குவினாஸ் ஈடுசெய்தலை நீதி என்னும் புண்ணியத்தின் கீழேயே வைத்தார். பிறருடைய நற்பெயருக்குத் தீங்கு செய்தவர், பாவமன்னிப்புப் பெற்ற பின்னும், அந்தத் தீங்கை ஈடுசெய்ய மனச்சாட்சியில் கடமைப்பட்டவர் என்று 1992இல் வெளியான திருச்சபையின் மறைக்கல்வி நூலும் போதிக்கிறது.

குறை சொன்னவரிடமிருந்து நாம் எடுத்துக்கொண்டவை மூன்று: அவருடைய நேரம், அவருடைய நிம்மதி, சில வேளைகளில் அவருடைய நற்பெயர். இயந்திரத்தைத் திருத்தும்போது இவற்றுள் எதுவும் திரும்பிப் போவதில்லை. உண்மையை அவரிடம் சொல்லும்போதுதான் திரும்பிப் போகிறது.

அப்போஸ்தலர் காட்டிய வழி

வேதாகமத்தில் இதற்கு முன்மாதிரி உண்டா என்று தேடினால், திருச்சபையில் எழுந்த முதல் முறைப்பாடே நமக்கு உதவுகிறது. அதுவும் ஒரு நிவாரணப் பட்டியலைப் பற்றியதுதான்! அன்றாடப் பங்கீட்டில் கிரேக்க மொழி பேசும் கைம்பெண்கள் விடுபட்டுப் போனார்கள் என்று முணுமுணுப்பு எழுந்ததை அப்போஸ்தலர் பணி ஆறாம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். அப்போஸ்தலர் இரகசியமாகப் பட்டியலைத் திருத்திவிட்டு இருந்துவிடவில்லை. சீடர்கள் எல்லாரையும் அழைத்தார்கள். குறையை ஒத்துக்கொண்டு வழி கூறினார்கள். முறையிட்ட மக்களின் முன்னிலையிலேயே ஏழுபேரை நியமித்தார்கள். அந்த ஏழுபேரின் பெயர்களும் கிரேக்கப் பெயர்கள் என்பதை வேத விரிவுரையாளர் சுட்டிக்காட்டுவர். முறையிட்டவர்களின் கையிலேயே பொறுப்பு கொடுக்கப்பட்டது.

பதினைந்தாம் அதிகாரத்தில் இன்னொரு நிகழ்ச்சி. அந்தியோக்கியாவில் எழுந்த சிக்கல் யெருசலேமுக்கு வந்தது; அங்கே தீர்க்கப்பட்டது. தீர்த்தவர்கள் அத்தோடு எழுந்து போகவில்லை. கடிதம் எழுதினார்கள். கடிதத்தை மட்டும் அனுப்பாமல், வாய்மொழியாக விளக்க யூதாவையும் சீலாவையும் கூடவே அனுப்பினார்கள். நூற்றுக்கணக்கான மைல் தூரம். கடிதத்தை வாசித்து அந்தியோக்கியர் மகிழ்ந்தார்கள் என்று எழுதப்பட்டிருக்கிறது.

எல்லாவற்றிலும் மேலாக, அருளப்பர் நற்செய்தி ஒன்பதாம் அதிகாரத்தில் வரும் பிறவிக்குருடன். ஆண்டவர் அவனுக்குப் பார்வை கொடுத்தார். குறை தீர்ந்தது. ஆனால் பரிசேயர் அவனை வெளியே தள்ளிவிட்டார்கள் என்று கேள்விப்பட்டதும், ஆண்டவர் மீண்டும் அவனைத் தேடிக் கண்டுபிடித்துப் பேசுகிறார். பார்வை பெற்றவனுக்குத் தனக்கு நடந்தது என்னவென்று முழுமையாக விளங்கியது அந்த இரண்டாம் சந்திப்பில்தான்.

உலகத்தாரிடமும் படிக்கலாம்

கணனி எழுதுகிறவர்களிலேயே இந்த ஒழுக்கத்தைக் கைக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். 1993இல் தொடங்கிய 'டெபியன்' என்ற இலவச மென்பொருள் திட்டத்தில், ஒருவர் அறிவிக்கும் ஒவ்வொரு வழுவுக்கும் ஓர் இலக்கம் இடுகிறார்கள். அந்த வழு தீர்ந்தது என்று முடிக்கும்போது, அறிவித்தவருக்கு அச்செய்தி தானாகவே கடிதமாகப் போய்விடும். யார் சொன்னாரோ அவருக்குச் சொல்வது அங்கே வேலையின் ஒரு பகுதி. அமெரிக்கக் கணனி விஞ்ஞானி டொனால்ட் க்னூத், தம் நூலில் ஒரு பிழையை முதலில் கண்டு அறிவிப்பவருக்கு 2 டொலர் 56 சதத்துக்குக் காசோலை எழுதி அனுப்பிவந்தார். பெற்றவர்களில் பலர் அதை மாற்றாமல் சட்டமிட்டு மாட்டிவைத்தார்கள். நீ சொன்னது மெய் என்று ஒரு பெரியவர் ஒத்துக்கொண்டதற்கு அவர்கள் வைத்த விலை அது.

நம் திருச்சபையின் வரலாற்றிலும் இதற்குப் பாடம் உண்டு. 1633இல் கலிலேயோ தண்டிக்கப்பட்டார். 1835இல் வெளியான தடைநூற் பட்டியலில் அவருடைய நூல் இடம்பெறவில்லை. குறை சந்தடியின்றித் திருத்தப்பட்டது. 1992 ஒக்டோபர் 31ஆம் நாள் பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர், அக்கால இறையியலார் தவறியதை வெளிப்படையாக எடுத்துரைத்தார். உலகம் நினைவில் வைத்திருப்பது 1835ஐ அல்ல, 1992ஐத்தான்.

நம் நாட்டின் சட்டமும் இப்பக்கமே நிற்கிறது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி, ஒரு தீர்மானத்தால் பாதிக்கப்படுகிறவர் கேட்டால், அதற்கான காரணத்தை எழுத்தில் தர அரச அலுவலர் கடமைப்பட்டவர். கேட்டால் சொல்லவேண்டும் என்பது சட்டம். கேட்கத் தெரியாதவருக்கும் தேடிப்போய்ச் சொல்லவேண்டும் என்பது மனச்சாட்சி.

'ஆயிரம் பேருக்கு எப்படிச் சொல்வது?'

கடமையில் இருப்போரின் சிரமத்தையும் நாம் அறியாதவர்களல்ல. ஆயிரக்கணக்கான முறைப்பாடுகள், கைவிரல் விட்டு எண்ணக்கூடிய ஊழியர்கள். ஒவ்வொருவருக்கும் கடிதம் எழுத முடியுமா? எல்லாருக்கும் ஒரே விதமாகச் சொல்லவேண்டும் என்றில்லை. திரையில் ஓர் எழுத்துப் பிழை இருந்தது என்று சொன்னவருக்குப் பொது அறிவித்தல் போதும். பணமோ பெயரோ நட்டப்பட்டவருக்கு அவர் பெயரிட்டே சொல்லவேண்டும். ஆயிரம் பேரிடம் கட்டணம் கேட்டுக் குறுஞ்செய்தி அனுப்பத் தெரிந்த கணனிக்கு, ஆயிரம் பேரிடம் 'தவறு எங்களுடையது' என்று அனுப்பவும் தெரியும். குறுஞ்செய்தி எட்டாத மலைக்கிராமத்துக்குக் கிராம உத்தியோகத்தர் இருக்கிறார். பன்சலையும் கோயிலும் இருக்கின்றன.

இதில் ஒரு இலாபமும் உண்டு. திருத்தம் உண்மையில் பலித்ததா என்பதைக் கொழும்பில் இருப்பவர் அறியமாட்டார்; லக்கலவில் இருக்கும் அந்தத் தாய்தான் அறிவார். அவரிடம் சொன்னால்தான், "இல்லை ஐயா, இன்னும் வரவில்லை" என்று அவர் சொல்லமுடியும். பதில் பெறாதவரோ மறுமுறை முறையிட வரமாட்டார். முறைப்பாடு வராததைக் கண்டு, குறையே இல்லை என்று கந்தோர் மகிழும். எல்லாளன் மாளிகையின் ஆராய்ச்சி மணியை நாம் இன்றும் பேசுவது, அடித்தவரைத் தேடி அரசன் வெளியே வந்ததால். அடித்தும் எவரும் வராத மணியை மக்கள் விரைவில் மறந்துவிடுவார்கள்.

நம் வீடுகளில்

கணனியோடு தொடர்பில்லாத வீடுகளிலும் இந்தக் கடன் உண்டு. காணாமற்போன காசுக்காகப் பிள்ளையை ஏசிய தகப்பன், அது தன் சட்டைப்பையிலேயே இருக்கக் கண்டால், மெதுவாக அலுமாரியில் வைத்துவிட்டுப் போவதால் நீதி நிறைவேறாது. பிள்ளையை அழைத்து, "காசு கிடைத்துவிட்டது, மகன், நீ எடுக்கவில்லை" என்று சொல்லவேண்டும். கொப்பியில் கூட்டல் பிழை விட்ட கடைக்காரர், பேரேட்டைத் திருத்துவதோடு வாடிக்கையாளரிடமும் சொல்லவேண்டும். பங்குச் சபைக்கு ஒருவர் எழுதிய முறைப்பாட்டின்மேல் நடவடிக்கை எடுத்தால், எழுதியவருக்கு ஒரு வரி போகவேண்டும்.

முறையிடும் பக்கத்தில் நிற்கிறவர்களுக்கும் கடமை உண்டு. குறை தீர்ந்ததும், தீர்த்தவரிடம் போய் ஒரு வார்த்தை சொல்லுங்கள். பத்துத் தொழுநோயாளரில் திரும்பி வந்தவன் ஒருவனே என்று ஆண்டவர் வருந்தியதை லூக்காஸ் எழுதியிருக்கிறார். திட்டு மட்டுமே வாங்கிப் பழகிய அலுவலருக்கு, "சரியாகிவிட்டது, தம்பி, நன்றி" என்ற சொல் எவ்வளவு தெம்பு தரும்! உங்கள் பிள்ளைகளில் கணனித் துறையில் வேலை பார்ப்போர் இன்று பலர். ஞாயிறு பூசை முடிந்து வீட்டில் கூடும்போது அவர்களிடம் கேளுங்கள்: "நீ இவ்வாரம் திருத்திய பிழை யாரைப் பாதித்தது? அவருக்குச் சொன்னாயா?" அவர்கள் சிரிக்கலாம். ஆயினும் திங்கட்கிழமை வேலைக்குப் போகும்போது அந்தக் கேள்வியும் கூடப்போகும்.

குறையைத் திருத்துகிற கைகளை ஆண்டவர் ஆசீர்வதிப்பாராக. திருத்தியதைச் சொல்லும் துணிவையும் அக்கைகளுக்கு உரியோருக்கு அருள்வாராக.